படத்தைச் சுட்டால் என்ன செய்யலாம்: பேச்சா, புகாரா, நோட்டீஸா?

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த மறுவாரம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஃப்ளெக்ஸ். பார்த்தால் நான் எடுத்த படம். குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி மூடி, தலை மட்டும் வெளியே தெரிகிறது. ஓரத்தில் போட்டிருந்த என் பெயரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் கூப்பிய கையோடு ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். சில மாதம் கழித்து ஓர் ஓவியக் கண்காட்சியில் அதே காட்சி, இந்தத் தடவை எண்ணெய் வண்ணத்தில், விலைச்சீட்டோடு.

ஃப்ளெக்ஸ் விஷயம் எளிது. ரா ஃபைலை, அதாவது கேமராவில் பதிவான மூலக் கோப்பை, லேப்டாப்பில் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். "நெட்ல கிடந்துச்சு அண்ணாச்சி, நாங்க என்ன கண்டோம்" என்றார்கள், ஃபைலைக் காட்டியதும் ஆயிரத்து ஐநூறு ரூபாய் தந்தார்கள். ஃப்ளெக்ஸின் ஆயுளே பத்து நாள், அதற்கு நோட்டீஸ் அனுப்பினால் அது போய்ச் சேருவதற்குள் ஃப்ளெக்ஸ் யார் வீட்டுக் கூரையிலோ கிடக்கும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் அங்குள்ள காப்புரிமைப் புகார்தான் வேகம், செலவும் கிடையாது. ஆனால் படம் இறங்கும், காசு வராது.

சட்டத்தில் நம் கை நாம் நினைப்பதைவிட வலுவானது. பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமில்லை, படம் எடுத்த நொடியே உரிமை வந்துவிடுகிறது. காப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி நாம் குடியிருக்கும் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம், படத்தைச் சுட்டவன் சென்னைக்காரன் என்றால் அவன்தான் திருநெல்வேலிக்கு ரயில் ஏற வேண்டும். இடிப்பது வக்கீல் ஃபீஸ்தான். மூவாயிரம் ரூபாய்ப் படத்துக்காக முப்பதாயிரம் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை. (ஸ்டுடியோக்காரர்கள் கவனிக்க: காசு வாங்கிக்கொண்டு எடுத்த கல்யாணப் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். நோட்டீஸ் விடும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஓவியம்தான் சிக்கல். கோயில் என்னுடையதல்ல, வெள்ளமும் என்னுடையதல்ல, அதே கரையில் நின்று யாரும் படம் எடுக்கலாம், வரையலாம். கருத்துக்குக் காப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது. சரி, இவர் வரைந்தது எது? என் படத்தின் இடது மூலையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் குடம் மிதந்துபோகும், அது ஓவியத்திலும் அதே மூலையில், அதே சாய்வில் இருந்தது. கரையில் நின்று பார்த்து வரைந்தவருக்கு அந்தக் குடம் எங்கிருந்து கிடைக்கும்?

அமெரிக்காவில் இதற்கு இரண்டு பெரிய வழக்குகள் உண்டு. ஒருவர் எடுத்த நாய்க்குட்டிப் படத்தைக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ் சிற்பமாகச் செய்துவிட்டு, பகடி என்று வாதாடி 1992இல் தோற்றார். பாடகர் பிரின்ஸைப் புகைப்படக்காரர் லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த படத்தை வைத்து ஓவியர் ஆண்டி வார்ஹோல் ஒரு வரிசை ஓவியங்கள் வரைந்தார். 1984இல் பத்திரிகையில் ஒரே ஒரு தடவைப் பயன்பாட்டுக்கு என்று கோல்ட்ஸ்மித்துக்குக் கிடைத்தது 400 டாலர், 2016இல் அதே வரிசையின் இன்னொரு படத்துக்காக வார்ஹோல் அறக்கட்டளைக்குப் போனது 10,000. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 7-2 என்று கோல்ட்ஸ்மித் பக்கம் நின்றது. பத்திரிகையில் பிரின்ஸைக் காட்டத்தான் இரண்டு படங்களும் என்பதே அதன் பார்வை. வார்ஹோல் வரைந்ததே தப்பு என்று அது சொல்லவில்லை. பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

இங்கே ஓவியருக்கு அந்த அளவு இடம்கூடக் கிடையாது. நம் சட்டத்தில் நியாயமான பயன்பாடு (அனுமதி கேட்காமலே எடுத்தாளக்கூடியது) என்பது சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி என்று குறுகிய பட்டியல்தான். எந்த வடிவத்தில் மறுஆக்கம் செய்தாலும், தட்டையான படத்தைச் சிற்பமாக்கினாலும், அது உரிமையாளரின் கையில்தான்.

அதனால் நோட்டீஸ் விட்டிருந்தால் எனக்கே சாதகம் என்று நினைக்கிறேன். ஆனாலும் பேசத்தான் போனேன், ஏனென்றால் அவர் வண்ணத்தில் தண்ணீர் என் படத்தில் இல்லாத ஒரு கோபத்தோடு ஓடியது, அந்த ஓவியத்தை இறக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலையில் பத்தில் ஒரு பங்கும் படத்தின் கீழே என் பெயரும் கேட்டேன். பங்குக்கு உடனே ஒப்புக்கொண்டார், பெயருக்குத்தான் தயங்கினார்.

"வேணும்னா அந்தக் குடத்தை அழிச்சிருதேன் அண்ணாச்சி" என்றார்.

"குடம் கிடக்கட்டும்வே, பேரைப் போடும்."