பழைய அம்பாசடருக்கு எந்தக் காப்பீடு?

1960களின் அம்பாசடரைப் பேணி வைத்திருப்பவர் முன் இரண்டு வழிகள் உள்ளன: வழக்கமான முழுக் காப்பீடு, அல்லது ஒப்புக்கொண்ட மதிப்பில் எடுக்கும் காப்பீடு. முதலாவதில், ஐந்து ஆண்டு கடந்த வண்டியின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்யலாம் என்றாலும், பழுதுக்கான இழப்பீட்டில் தேய்மானம் கழிக்கப்படுகிறது. பத்து ஆண்டைத் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் அதே பாதிதான். எங்கெங்கோ தேடிப் பிடித்து, குரோமியம் பூசி மாட்டிய முன்பக்கக் கிரில் நசுங்கினால், மீதிப் பணம் நம் கையிலிருந்துதான் போகும்.

இரண்டாவதில், தொகை முன்கூட்டியே பாலிசியில் எழுதப்படுவதால், வண்டி முற்றிலும் அழிந்தாலோ திருடுபோனாலோ விலை குறித்த வாதம் எழாது. என் தேர்வு இதுவே. ஆனால் சிறு பழுதுகளுக்கும் தேய்மானம் கழிப்பார்களா என்பதை, பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.