வெள்ளைக் காலனியை எவ்வளவு நம்பலாம்?

பியூசி19 வெக்டாரில் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ, அதாவது பிளாஸ்மிட்) 900 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீள மரபணு ஒன்றை ஒட்டி, பாக்டீரியாவுக்குள் ஏற்றியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். காலையில் பிளேட்டைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் காலனிகள், அதாவது பாக்டீரியா பெருகி உண்டான புள்ளிகள். நமக்கு வேண்டிய மரபணு எதில்?

நீலம்-வெள்ளை முறைதான் எல்லோரும் முதலில் கற்பது. லேக்-இசட் மரபணுவின் ஒரு பகுதி வெக்டாரில் இருக்கும். மீதியை டிஎச்5-ஆல்ஃபா பாக்டீரியா தரும். இரண்டும் சேர்ந்தால் நொதி உருவாகி, பிளேட்டில் கலந்திருக்கும் எக்ஸ்-கேல் என்ற பொருளை உடைக்கும், காலனி நீலமாகும். நடுவில் நம் துண்டு புகுந்தால் வெள்ளை. செலவு குறைவு, வெறும் கண் போதும். ஆனால் வெள்ளை என்றால் லேக்-இசட் வேலை செய்யவில்லை என்று மட்டுமே பொருள். வெக்டாரின் வெட்டுமுனையில் ஓரிரு பேஸ் போய், தானே திரும்ப ஒட்டிக்கொண்டாலும் வெள்ளைதான். ஆம்பிசிலின் (பிளாஸ்மிட் இல்லாத பாக்டீரியாவைத் தடுக்கும் ஆன்டிபயாட்டிக்) பிளேட்டை அதிக நேரம் வைத்துவிட்டால், பெரிய காலனிகளைச் சுற்றிப் பிளாஸ்மிடே இல்லாத குட்டிக் காலனிகள் முளைக்கும். அவையும் வெள்ளை! எதிர்ப்பக்கமும் உண்டு: மிகச் சிறிய துண்டு ரீடிங் ஃபிரேம் (மரபணுவை மூன்று மூன்று பேஸாகப் படிக்கும் வரிசை) குலையாமல் உட்கார்ந்தால், சரியான காலனியே வெளிர்நீலமாக நிற்கும்.

காலனி பிசிஆர் (காலனியிலிருந்தே டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கிப் பார்ப்பது) இரண்டு மூன்று மணி நேரத்தில் பதில் தரும். டூத்பிக்கால் காலனியை லேசாகத் தொட்டு, புதுப் பிளேட்டில் ஒரு கீறு, அப்புறம் பிசிஆர் கலவையில் ஒரு முக்கு. கீற மறந்தால் ஜெல்லில் (டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் ஊடகம்) பேண்ட் (டிஎன்ஏ கோடு) இருக்கும், காலனி கையில் இருக்காது. நான் முதல் தடவை காலனியை அப்படியே அள்ளிப் போட்டேன். செல்கள் அதிகமாகி வினையே நடக்கவில்லை. பெருக்க வேண்டிய பகுதியின் இரு ஓரங்களையும் குறிக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்களின் தேர்வில்தான் சூட்சுமம். இரண்டையும் மரபணுவுக்குள்ளேயே வைத்தால், பிளேட்டில் ஒட்டாமல் கிடக்கும் மிச்ச டிஎன்ஏகூடப் பேண்ட் காட்டும். ஒன்றை வெக்டாரிலும் மற்றதை மரபணுவிலும் வையுங்கள். இந்தத் தொல்லை குறையும், துண்டு எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும்.

மினிபிரெப் (காலனியை வளர்த்துப் பிரித்தெடுத்த பிளாஸ்மிட்) எடுத்து நொதியால் வெட்டிப் பார்க்க ஒரு நாள் கூடுதலாகும். ஆனால் பார்ப்பது பிளாஸ்மிடையே: ஜெல்லில் 2,686 பேஸ் வெக்டார் மேலே, 900 கீழே. துண்டு ஐந்தாறாயிரம் பேஸ் என்றால் பிசிஆரோடு மல்லுக்கட்டாமல் நேராக இதற்கே போய்விடுவேன். இரண்டு வெவ்வேறு நொதிகளால் வெட்டி ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். வெற்று வெக்டார் குறைவாகவே வரும், நாலு காலனி போதும். ஒரே நொதியாலோ மழுங்கல் முனையிலோ (தொங்கும் பேஸ் இல்லாத முனை) ஒட்டியிருந்தால் காலனி பிசிஆர்தான், குறைந்தது பதினாறு காலனியாவது பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு பேஸ் மாறியிருந்தால் இவை எதுவும் பொதுவாகக் காட்டிக்கொடுக்காது. அதற்கு சீக்வென்சிங்தான், அதாவது பேஸ்களை ஒவ்வொன்றாகப் படிப்பது. 900 பேஸுக்கு இரு முனைகளிலிருந்தும் படிக்கச் சொல்லி அனுப்புங்கள். ஒரு பக்க வாசிப்பு கடைசியில் மங்கிவிடும்.