10 ஜிபிபிஎஸ் வீட்டு இணையம்: வீவக வீட்டில் நிஜமாக என்ன கிடைக்கிறது

10 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 10 கிகாபிட்) ஃபைபர் இணைப்பு எடுக்கலாமா வேண்டாமா என்று தெரிந்தவர்கள் பலரும் கேட்கிறார்கள். அதனால் சிங்கப்பூரில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இப்போது ஓடும் இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இணைப்பு நல்ல இணைப்பு, ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆனால் விற்பனை மேசையில் எதைச் சொல்லி விற்கிறார்களோ அதற்காக மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

கடைத்தொகுதியில் மேசை போட்டிருந்த இளைஞர், "10 கிக், வைஃபை 7, மெஷ், லோ லேட்டன்ஸி, வீடு முழுக்க ஃபுல் ஸ்பீடு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கையெழுத்துக்கு டேப்லெட்டை நீட்டினார். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர், ஊரில் இருக்கும் பேரனோடு வீடியோ காலில் பேசும்போது படம் அப்படியே நின்றுவிடுகிறது, இதைப் போட்டால் சரியாகுமா என்று கேட்டார். கண்டிப்பாகச் சரியாகும் என்று பதில் வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் கேட்ட பிரச்சினைக்கும் 10 ஜிபிபிஎஸ்ஸுக்கும் பெரிய சம்பந்தமே கிடையாது.

நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை, அதனால் உங்களுக்கு நட்டமும் இல்லை. இங்கே பெரும்பாலான வீடுகளில் எந்த நிறுவனத்திடம் எடுத்தாலும் சுவர் வரை வரும் ஒளியிழை நெட்லிங்க் என்ற கட்டமைப்பு நிறுவனத்துடையதுதான். அந்த இழையின் மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவையை ஓட்டுகிறது. 2024இல் அரசாங்கம் இந்தக் கட்டமைப்பை 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தது, அதற்கப்புறம் போட்டி கூடி விலையும் இறங்கியது. இன்றைக்குச் சின்னத் திட்டத்துக்கும் பெரிய திட்டத்துக்கும் மாதத்துக்குச் சில வெள்ளிதான் வித்தியாசம். ஆகவே விலை இங்கே பிரச்சினை இல்லை.

பொருத்த வந்தவர் ஜொகூரிலிருந்து வந்துபோகும் தமிழ்த் தம்பி. வேலை அவ்வளவு சுத்தம். சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியைத் திறந்து, பச்சை முனை வைத்த இழையைக் கழற்றி, பேனா மாதிரி ஒரு கருவியால் அதன் வாயைத் துடைத்துவிட்டு, மீட்டரில் செருகி, "மைனஸ் 19 அண்ணே, நல்லா இருக்கு" என்று என்னிடம் காட்டினார். அது வெளிச்சத்தின் சக்தியை அளக்கும் டிபிஎம் கணக்கு. பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட், அதிலிருந்து ஒவ்வொரு பத்து இறங்கும்போதும் சக்தி பத்தில் ஒரு பங்காகும். மைனஸ் 19 என்றால் ஒரு மில்லிவாட்டில் ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்கு வெளிச்சம், இழையின் வெளிச்சத்தை வாங்கும் பெட்டிக்கு அதுவே தாராளம். மைனஸ் 27, 28 பக்கம் போனால்தான் இணைப்பு விட்டுவிட்டு வரும், அதற்குக் காரணம் பெரும்பாலும் முனையில் தூசியாகவோ சோபாவுக்குப் பின்னால் மடங்கி நசுங்கிய இழையாகவோ இருக்கும். உங்கள் வீட்டுக்கு ஆள் வந்தால் அந்த எண்ணைக் கேட்டு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இணைப்பு தகராறு செய்தால், முதல் நாள் இவ்வளவு இருந்தது என்று சொல்ல அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

இப்போது 10 என்ற அந்த எண். இந்தச் சேவை ஓடும் தொழில்நுட்பத்துக்கு எக்ஸ்ஜிஎஸ்-பான் என்று பெயர். ஒரே இழையின் வெளிச்சம் கண்ணாடிப் பிரிப்பான் வழியாகப் பல வீடுகளுக்குப் பிரிந்து போகிறது, 10 என்பது அந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. பிழை திருத்தத்துக்கான தகவல் எல்லாம் கழிந்து அதிலும் சுமார் எட்டரைதான் பயனுக்கு மிஞ்சும். இது ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் ஒரே விநாடியில் முழு வேகமும் தேவைப்படுவதில்லை என்பதால் நடைமுறையில் நன்றாகவே ஓடுகிறது. "10 ஜிபிபிஎஸ் வரை" என்பதில் அந்த "வரை" என்ற சொல்லைத்தான் விளம்பரத்தில் அவ்வளவு சின்ன எழுத்தில் போடுகிறார்கள், அதைப் பெரிதாகவே போடலாம்.

அப்புறம் கணினி. பெரும்பாலான மடிக்கணினிகளில் கேபிள் செருகும் துளையே இப்போது இல்லை, இருந்தாலும் பெரும்பாலும் அது 1 ஜிபிபிஎஸ்தான். அதில் செருகினால் உலகத்தில் எந்தத் திட்டம் எடுத்தாலும் 940 மெகாபிட் சொச்சம்தான் வரும். இன்னொன்று, வேகத்தை விற்பது பிட்டில், நம் கோப்புகளை எண்ணுவது பைட்டில், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 1 ஜிபிபிஎஸ் என்றால் விநாடிக்கு 125 மெகாபைட். பதிவிறக்கத்தில் 110 என்று காட்டுகிறதே, பத்தில் ஒரு பங்குதானே வருகிறது என்று 1 ஜிபிபிஎஸ் எடுத்த நண்பர் ஒருவர் வாடிக்கையாளர் சேவையோடு சண்டையே போட்டார். அவருடைய இணைப்பு முழு ஆரோக்கியமாகத்தான் இருந்தது, அதை நிதானமாக விளக்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

உண்மையான விஷயம் வைஃபையில்தான் இருக்கிறது, நம் வீவக வீடுகளில் அதைவிட முக்கியம் பாம்ப் ஷெல்டர், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் வெடிகுண்டுப் புகலிட அறை. இதைக் கட்டாயமாக்கிய 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீடுகளில் இந்த அறை இருக்கும், கனமான கம்பி வைத்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. அதை நாம் சாமான் அறையாக வைத்திருக்கிறோம், பார்வைக்கு அழகாக இருக்காது என்று ரவுட்டரையும் அதற்குள்ளோ அதன் ஓரத்திலோ தள்ளிவிடுகிறோம். என் வீட்டில் அளந்து பார்த்தேன். வரவேற்பறையில் மைனஸ் 48 டிபிஎம், ஷெல்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைசி அறையில் மைனஸ் 79. முப்பத்தொன்று குறைந்தால் சக்தி ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது என்று பொருள். குரல் அழைப்பு தடுமாறாமல் இருக்க மைனஸ் 67 வரையாவது வேண்டும் என்பது இந்தத் துறையில் சொல்லும் கணக்கு. அந்த அறையில் அமர்ந்து வீடியோ கால் பேசினால் 1 ஜிபிபிஎஸ்ஸோ 10 ஜிபிபிஎஸ்ஸோ, படம் நிற்கத்தான் செய்யும்.

மெஷ், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட வைஃபை பெட்டிகளைச் சேர்த்து வைப்பது, இதற்குத் தீர்வுதான், ஆனால் வைக்கும் இடத்தில் இருக்கிறது சூட்சுமம். கடைசி அறையில் சிக்னல் இல்லை என்று இரண்டாவது பெட்டியை அந்த அறைக்குள்ளேயே வைக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கும் அதே மைனஸ் 79தான் போய்ச் சேரும், வாங்கியதைத்தானே அது கொடுக்கும்? ரவுட்டருக்கும் கடைசி அறைக்கும் நடுவே, ஷெல்டர் குறுக்கே நிற்காத இடத்தில், நடைவழியில் வையுங்கள். இன்னும் நல்லது இரண்டு பெட்டிகளுக்கும் இடையே கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் ஒன்றை இழுத்துவிடுவது. நான் இழுக்கச் சொன்னேன், கூடுதல் கட்டணம் வாங்கினார்கள், இந்த இணைப்புக்காக நான் செலவழித்ததிலேயே உருப்படியான காசு அதுதான். கடைசி அறையில் இப்போது மைனஸ் 52. ஷெல்டர் சுவரைத் துளைத்துக் கேபிள் கொண்டுபோக அனுமதி கிடையாது, சுற்றித்தான் போகவேண்டும், பொருத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கூடவே கொடுத்த வைஃபை 7 ரவுட்டர் நல்ல பொருள். இதன் பெரிய வேகமெல்லாம் 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலமான அலைவரிசையைப் பயன்படுத்தும்போது வருவது. சிங்கப்பூரில் வைஃபைக்குத் திறந்துவிட்டிருப்பது 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 500தான். அதில் அப்படி ஒன்றுக்குத்தான் இடம் உண்டு. கைப்பேசியையும் பாருங்கள், ஐஃபோன் 16இல் வைஃபை 7 இருக்கிறது, ஆனால் 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரைதான். ரவுட்டர் பக்கத்தில் நின்று என் கைப்பேசியில் அளந்தால் ஒன்றரை ஜிபிபிஎஸ்ஸுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது, அது எனக்குப் போதும்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வீடியோ காலுக்குச் சில மெகாபிட் போதும். அங்கே தேவை தாமதம் குறைவாக இருப்பதும், அந்தத் தாமதம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பதும். தாமதத்தை லேட்டன்ஸி என்கிறார்கள், அது ஏறி இறங்கினால் ஜிட்டர். இழைக்குள் வெளிச்சம் விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் ஓடுகிறது, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் போகும் கேபிள் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிவிநாடி ஆகியே தீரும், எந்தத் திட்டமும் இதைக் குறைக்காது. இதுவே மிகக் குறைவுதான். செந்தோசாவில் 1971இல் துணைக்கோள நிலையம் வந்தபிறகு துணைக்கோளம் வழியாகப் பேசிய காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும், ஒருவர் பேசி முடித்து மற்றவர் குரல் வருவதற்குள் இரண்டு பேரும் "கேக்குதா, கேக்குதா" என்று ஒன்றாகக் கத்துவார்கள். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் அந்தத் துணைக்கோளம் நின்றது, கேள்வி ஏறி இறங்கிப் பதிலும் ஏறி இறங்க அரை விநாடி ஆகிவிடும்.

ஜிட்டர் பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேதான் பிறக்கிறது. ஒன்று, நான் சொன்ன பலவீனமான வைஃபை. இன்னொன்று, யாராவது படங்களை மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றும்போது ரவுட்டரில் தகவல் வரிசைகட்டி நின்றுவிடுவது. இந்த இரண்டாவதில் 10 ஜிபிபிஎஸ் உதவுகிறது, ஏற்றும் வேகமும் பெரியது என்பதால் வரிசை சேருவதில்லை, இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இரண்டு பேர் வீட்டிலிருந்து வேலை பார்த்து, பிள்ளைகள் விளையாட்டைப் பதிவிறக்கும் வீட்டுக்கு இது மதிப்புள்ளது. பேரனோடு பேச மட்டும் வேண்டிய பெரியவர்களுக்கு அவர்களுடைய நிறுவனத்தின் ஆகச் சின்னத் திட்டமும் ரவுட்டரை ஷெல்டரிலிருந்து வெளியே எடுப்பதும் போதும்.

ஒரு பெரிய குறை உண்டு. எனக்குக் கொடுத்தது சிஜி-நேட், அதாவது இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் ஐபி முகவரி ஒன்றையே பல வீடுகள் பகிர்ந்துகொள்வது. ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான், தட்டுப்பாடு புரிகிறது. ஆனால் வீட்டுச் சேமிப்பகப் பெட்டியை வெளியிலிருந்து நேரடியாகத் திறக்க முடியாது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் சொல்லியிருக்கவேண்டும். என் வீட்டுக்கென்றே ஒரு பொது ஐபி முகவரி கேட்டு இரண்டு மூன்று முறை பேசிய பிறகு மாதக் கட்டணத்தோடு கொடுத்தார்கள். ஒன்றரைப் புள்ளி அங்கேதான் போனது. வீட்டில் கேமராவோ சேமிப்பகமோ வைத்திருப்பவர்கள் மேசையிலேயே இதைக் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒப்பந்தம் இரண்டு வருடம்.