நூலகப் பட்டியலைத் துண்டு போடுதல்: ஆறு வருட அனுபவம்

நூலகப் பட்டியல்களைச் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில். கைக்கு வருவது எப்போதும் ஒரே பெரிய கோப்புதான். பெரும்பாலும் சிஎஸ்வி (புலங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் உரைக்கோப்பு), சில சமயம் எக்ஸ்எம்எல் (தகவலைக் குறிச்சொற்களுக்குள் வைக்கும் கோப்பு). சரிபார்க்கிறவர்கள் எக்செலில் திறப்பார்கள். எக்செலோ ஒரு தாளில் 10,48,576 வரிக்கு மேல் ஏற்றாது. ஆகவே பிரித்துத்தான் அனுப்ப வேண்டும்.

லினக்ஸில் கூடவே வரும், கோப்பைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டில் தொடங்கினேன். 1970களிலேயே யுனிக்ஸில் இருந்த கட்டளை. வேறெதுவும் சொல்லாமல் கோப்பை மட்டும் கொடுத்தால் 1000 வரிக்கு ஒரு துண்டாகப் போட்டு எக்ஸ்ஏஏ, எக்ஸ்ஏபி என்று பெயர் வைத்துக்கொண்டே போகும். மைனஸ் எல் போட்டால் நீங்கள் கேட்கும் வரிக்கணக்கு, மைனஸ் பி போட்டால் பைட் கணக்கு. தமிழ்க் கோப்புக்கு மைனஸ் பி பக்கம் போகவே போகாதீர்கள். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியீட்டு முறையில் 'க' என்ற ஒரு எழுத்துக்கே 3 பைட், 'கு' என்றால் 6. வெட்டு எழுத்தின் நடுவில் விழுந்தால் முந்தைய துண்டின் வாலும் அடுத்த துண்டின் தலையும் கேள்விக்குறிக் கட்டங்களாகிவிடும். அளவு வைத்துத்தான் பிரிக்க வேண்டுமென்றால் மைனஸ் பெரிய சி இருக்கிறது. அது வரியை உடைக்காமல் அந்த அளவுக்குள் அடக்கும்.

ஒரு வரிக்கு ஒரு பதிவு என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில், அதாவது லாக் கோப்பு, ஜேசன் லைன்ஸ் போன்றவற்றில், இன்றும் நான் ஸ்ப்ளிட்டைத்தான் எடுக்கிறேன். வேறொன்றும் வேண்டியதில்லை.

சிஎஸ்வி அப்படியில்லை. என் முதல் பெரிய வேலையில் அதைப் பாடுபட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டியலில் 'குறிப்பு' என்றொரு புலம். தட்டச்சு செய்தவர்கள் அதில் என்டர் தட்டித் தட்டிப் பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும்வரை அது முறையான சிஎஸ்விதான், சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும், 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 ஆவணம் அதை அனுமதிக்கிறது. ஸ்ப்ளிட்டுக்கு மேற்கோள் குறி தெரியாது, வரிமுடிவு மட்டும்தான் தெரியும். ஒரு குறிப்பின் நடுவிலேயே வெட்டிவிட்டது. அந்த மேற்கோள் அடுத்த துண்டில் போய் முடிய, அந்தத் துண்டின் புலங்கள் எல்லாம் இடம் மாறிப்போயின. நூலாசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பகம், பதிப்பகம் இருக்க வேண்டிய இடத்தில் விலை. மூன்று நாள் சரிபார்ப்பைத் திரும்பச் செய்ய வைத்தேன். இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

அதே வேலையில் இன்னொன்றும் கண்டேன். முதல் துண்டு எக்செலில் அழகாகத் திறந்தது, மற்றவற்றில் தமிழ் முழுக்கக் குப்பை எழுத்து. காரணம் பிஓஎம். கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் அந்த 3 பைட்டைப் பார்த்துத்தான் எக்செல் யுடிஎஃப்-8 என்று கண்டுகொள்கிறது. பிரித்தபோது அது முதல் துண்டோடு நின்றுவிட்டது. தலைப்பு வரியும் அப்படியே. லினக்ஸில் வரும் குனு ஸ்ப்ளிட்டில் ஃபில்டர் என்ற விருப்பம் உண்டு. ஒவ்வொரு துண்டையும் எழுதுமுன் நாம் சொல்லும் கட்டளை வழியாக அனுப்பும். அதில் பிஓஎம், தலைப்பு வரி இரண்டையும் சேர்க்கலாம், ஜிசிப்பால் சுருக்கியும் வைக்கலாம். ஆனால் குறிப்புப் புலத்தின் சிக்கல் அதனால் தீராது.

அதற்குத் தீர்வு எக்ஸ்எஸ்வி என்ற கட்டளைக் கருவி. இப்போது அதற்குப் பராமரிப்பு இல்லை, அதன் வழிவந்த கியூஎஸ்விக்கு மாறிவிட்டேன். இரண்டும் ரஸ்ட் நிரல்மொழியில் எழுதியவை. சிஎஸ்வியை சிஎஸ்வியாகவே படித்து, பதிவின் எல்லையில் மட்டும் வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் தலைப்பு வரியைத் தானே வைக்கும். பிஓஎம்மை மட்டும் சிறு ஸ்கிரிப்டால் நான் சேர்த்துக்கொள்கிறேன். பிரிப்பதற்கு முன் பதிவுகளை எண்ணும் அதன் கவுண்ட் கட்டளை, பிரித்தபின் எல்லாத் துண்டிலும் கவுண்ட். கூட்டுத்தொகை ஒத்துவராமல் எதையும் அனுப்புவதில்லை. லினக்ஸின் டபிள்யூசி கட்டளை சொல்லும் வரிக்கணக்கை இங்கே நம்பக்கூடாது, குறிப்புக்குள் இருக்கும் வரிமுடிவுகளையும் அது எண்ணிவிடும்.

நூலகப் பதிவுகளுக்கான எக்ஸ்எம்எல் வடிவமான மார்க்எக்ஸ்எம்எல் வந்தால், பெர்ல் நிரல்மொழிக்கான எக்ஸ்எம்எல் ட்விக் தொகுப்போடு வரும் எக்ஸ்எம்எல் ஸ்ப்ளிட். முழுக்கோப்பையும் நினைவகத்தில் ஏற்றாது, ஒரு துண்டுக்கு வேண்டிய இடம் இருந்தால் போதும். என் பழைய 4 ஜிபி மடிக்கணினியில் இதுதான் கைகொடுத்தது. மெதுவானது, இரவில் ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போவேன். மைனஸ் ஜி கொடுத்து ஆயிரம் ஆயிரமாகக் கட்டினால் பதிவுகளைத் தன் சொந்த வேர் உறுப்புக்குள் (எல்லாவற்றையும் சுற்றி நிற்கும் வெளிக் குறிச்சொல்) பொதிந்து தரும். நூலக மென்பொருள் எதிர்பார்ப்பதோ 'கலெக்‌ஷன்' என்ற வேரை. அதை மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். திரும்ப ஒட்டுவதற்குக் கூடவே எக்ஸ்எம்எல் மெர்ஜ் வருகிறது.

கியூஎஸ்வியில் எனக்கு இருந்த ஒரே குறை பெயர். துண்டின் முதல் பதிவெண்ணையே கோப்புக்குப் பெயராக வைக்கும்: 0, 50000, 100000. அகரவரிசையில் அடுக்கினால் 100000 முந்திக்கொள்ளும், சரிபார்க்கிறவர்கள் இரண்டாவதாக மூன்றாவது துண்டைத் திறப்பார்கள். பேட் என்ற விருப்பத்துக்கு 8 கொடுத்த பிறகு முன்னால் பூஜ்யங்கள் சேர்ந்து வரிசை சரியாகிவிட்டது.