மடிப்பு விசிறியும் மடங்காத விசிறியும்: சாமுராய்களின் இரு போர்க்கருவிகள்

ஜப்பானியத் தளபதிகள் போர்க்களத்தில் ஏந்திய விசிறிகளுள் குன்சென் மடிக்கக்கூடியது. குன்பாயோ மரத்தாலோ இரும்பாலோ செய்து அரக்கு மெருகூட்டிய, கைப்பிடியுள்ள தட்டையான பலகை.

படைக்குச் சைகை காட்டுவதில் குன்பாயே மேலானது என்பது என் கருத்து. விரிக்க வேண்டிய தேவையின்றி, உயர்த்திய கணமே அது தொலைவில் உள்ளோர் கண்ணிலும் படும். 1561ஆம் ஆண்டின் கவனகஜிமா போரில், குதிரைமீது பாய்ந்து வந்த எதிர்ப்படைத் தலைவர் உயேசுகி கென்ஷினின் வாள்வீச்சை, அமர்ந்திருந்த தளபதி தகேதா ஷிங்கென் குன்பாயால் தடுத்தார் என்ற புகழ்பெற்ற காட்சி பிற்காலப் போர்க்கதைகளின் வழியே பரவியது. அதை வரலாறாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. ஆயினும் ஜப்பானின் நாகானோ நகரில் அதற்குச் சிலையே இருக்கிறது.

பொன்னிறக் காகிதத்தில் செஞ்சூரியன் தீட்டிய குன்சென் அழகிலும், இடைக்கச்சையில் செருகிக்கொள்ளும் வசதியிலும் முந்துகிறது. அதன் இனமான தெஸ்ஸெனுக்கு வெளிச்சட்டங்கள் இரும்பாலானவை. வாளை வாயிலில் ஒப்படைத்துவிட்டு நுழைய வேண்டிய இடங்களில், மடித்த நிலையில் சாதாரண விசிறிபோல் தோன்றிய அது, அடிக்கவும் தடுக்கவும் உதவியது.

போர்கள் ஓய்ந்தபின் நிலைத்தது குன்பாய்தான்: ஜப்பானிய மல்யுத்தமான சுமோவின் நடுவர்கள் இன்றும் அதை நீட்டியே வென்றவரின் பக்கத்தைச் சுட்டுகிறார்கள்.