ஓரிகன் மாநிலப் பல்கலை: வனப் பொறியியலா, வனப்பணி மேலாண்மையா?

இந்த இரண்டு படிப்புகளும் அமெரிக்காவின் கோர்வாலிஸ் நகரில், ஒரே வனவியல் கல்லூரியில்தான். இரண்டிலும் டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரக் காடுகளைச் சுற்றியே பேச்சு. ஆனால் உள்ளே போனால் வேறு வேறு உலகம்.

வனப் பொறியியலில் கால்குலஸும் இயற்பியலும் விடாது. செங்குத்துச் சரிவில் டிராக்டர் ஏறாது. அங்கே உயரத்தில் இரும்பு வடம் கட்டி, வெட்டிய மரத்தை மேலே இழுப்பார்கள். அந்த வடம் எவ்வளவு பாரம் தாங்கும், லாரிச் சாலையின் மழைநீர் ஓடையில் மண்ணைக் கொட்டாமல் எப்படி வடியும் என்பதெல்லாம் கணக்கு. எனக்கு இதன் உயிரே அந்தச் சாலைப் பாடம்தான். ஒரு தவறான சாலை மீன்கள் முட்டையிடும் சரளைப் படுகையையே மூடிவிடும். பொறியியல் படிப்புகளின் தரத்தைச் சான்றளிக்கும் ஏபெட் (ABET) அமைப்பின் அங்கீகாரம் உள்ளதால், பின்னாளில் உரிமம் பெற்ற பொறியாளராகவும் வழி உண்டு.

வனப்பணி மேலாண்மை, வனவியல் பட்டத்தின் ஒரு பிரிவு. வெட்டுச் செலவு, ஒப்பந்தம், ஆட்கள், மர விற்பனை என வணிகப் பக்கம் கனமானது. அப்புறம், கணக்கு சற்று லேசு.

கணக்குக்குப் பயந்து மட்டும் இரண்டாவதை எடுக்காதீர்கள். ஆட்களோடு வேலை செய்யப் பிடித்தால் தாராளமாக எடுங்கள்.