பிளெரிக்சாஃபோர் ஊசி: அப்பாவுக்குப் போட்ட அனுபவம்

அப்பாவுக்கு மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். மாற்று சிகிச்சைக்கான ஸ்டெம் செல்லை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) ரத்தத்திலிருந்து சேகரிக்க, அவற்றை மஜ்ஜையிலிருந்து வெளியே வரத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி மட்டும் போதவில்லை, ரத்தத்தில் ஸ்டெம் செல் எவ்வளவு என்று காட்டும் சிடி34 எண்ணிக்கை ஏறவே இல்லை. அப்புறம்தான் டாக்டர் பிளெரிக்சாஃபோரை எழுதினார். எலும்பு மஜ்ஜையில் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைன் (செல்களை ஈர்க்கும் சிறு புரதம்), ஸ்டெம் செல்லின் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியோடு சேர்ந்து அதை அங்கேயே நிறுத்தி வைக்கிறது. இந்த மருந்து அந்த ஏற்பியை அடைத்துவிட, செல்கள் ரத்தத்துக்கு வந்துவிடுகின்றன. எச்ஐவிக்காக ஆராயப்பட்ட மருந்து இது; 2008இல் அமெரிக்காவில் இந்தப் பயனுக்கு அனுமதி பெற்றது.

கிலோவுக்கு 0.24 மில்லிகிராம், சேகரிப்புக்குச் சுமார் 11 மணி நேரம் முன்பு. அதனால் இரவிலேயே தோலுக்கடியில் போட்டார்கள். ஊசி போட்ட இடம் சிவந்து தடித்தது. விடியற்காலையில் வயிற்றுப்போக்கு, மாற்று வேட்டி கட்டாயம் எடுத்துப் போங்கள். ஆனால் தேவையான செல்கள் ஒரே அமர்வில் கிடைத்துவிட்டன! விலைதான் கலங்க வைக்கிறது. ஜெனரிக் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.